கம்பம்மெட்டுக்குக் கேதம் சொல்லப் போன நாள்

எங்கள் ஆத்தா ஒரு மார்கழி மாதம் கோழி கூப்பிடும் நேரத்தில் இறந்து போனாள். எனக்கு அண்ணன் ஒருவன்தான். அவன் மலைமேல், கம்பம்மெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் கூலிக்கு இருந்தான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். யாராவது மேலே போய்க் கேதம் சொல்லிக் கையோடு கூட்டிவர வேண்டும். இதைக் கேட்டதும், அதுவரை வாசலில் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்த ஆம்பளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு நோவு வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு முழங்கால். அவர் மகனுக்கு நெஞ்சுச் சளி. இன்னொருவர் வழியில் யானை வரும், பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார். அந்த மட்டில் அவர் தேவலை.

நான் போகிறேன் என்றேன். ஏலக்காய் பறிக்க ஏறி இறங்கிய பாதைதான், எனக்குத் தெரியாததில்லை. பெத்தவள் கிடக்கையில் பொம்பளைப் பிள்ளை மலையேறுகிறாளாம் என்று பெண்கள் முகவாயில் கை வைத்தார்கள். ஆத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் என்று எனக்கு மட்டும் இல்லையா? ஆனால் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் கேட்டது அவனைத்தான். பக்கத்திலேயே இருந்து பீ மூத்திரம் அள்ளினவளை யார் கேட்கப் போகிறார்கள்! அவள் முகத்தை அவன் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும், அவன் கையால் அவள் போக வேண்டும். எனக்கு அது போதும்.

"பொழுது சாயிற வரைக்கும் எடுக்க மாட்டோம், தாயி. அதுக்குள்ள கூட்டியாந்துரு" என்றார் சித்தப்பா.

அடிவாரத்துச் சோளக்காட்டைத் தாண்டுவதற்குள் பனியில் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. வாடைக்காற்று காதுக்குள் புகுந்து குடைந்தது. பாதி ஏற்றத்தில் மூச்சுவாங்க நின்றேன். கீழே ஊர் முழுக்க மஞ்சு மூடியிருந்தது. எங்கள் தெரு எது என்றே தெரியவில்லை. ஆனால் கொட்டுச் சத்தம் மட்டும் மேலே ஏறி வந்தது. விறகுக் கட்டோடு இறங்கிய ஒரு அம்மாள் என் அருகில் நின்று காதைக் கொடுத்தாள். "கீழ யாரோ போயிட்டாக போலருக்கு, பாவம்" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். அது என் ஆத்தா என்று சொல்லியிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், பிறகு எழுந்திருக்க முடிந்திருக்காது.

மெட்டு எல்லையில் திருவிதாங்கூர்ச் சாவடிக்காரன் மலையாளத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டான். அண்ணனைப் பார்க்க என்றேன். பக்கத்தில் சுக்குக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்கு என் வயிறு கூப்பாடு போட்டது. ஆத்தா செத்த அன்றைக்குமா உனக்குப் பசிக்கிறது, சனியனே என்று என்னையே திட்டிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

தோட்டத்தில் கங்காணி என்னைப் பார்த்ததுமே நல்லவேளை வந்தாய் என்றார். அண்ணன் மலைக்காய்ச்சலில் கிடக்கிறானாம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். முந்தின வாரம் இதே காய்ச்சலோடு சொல்பேச்சு கேட்காமல் இறங்கிய ஒருவன் பாதித் தூரத்தில் பாறை ஓரம் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லையாம். தூக்கிக்கொண்டு போக ஆள் தாருங்கள் என்று கெஞ்சினேன். கூலிக்காரர் லயத்தில் பாதிப்பேர் படுக்கையில், மிச்சப்பேர் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். "சொன்னா அவன் கிளம்பிருவான்த்தா. ஒரே நாள்ல ரெண்டு பேரையும் விட்றாத" என்றார்.

காய் உலர்த்தும் அடுப்பு ஓரமாகக் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும்தான் அவனுடையதாக இருந்தது. இந்தக் குளிரில் தனியாகவா வந்தாய் என்று ஏசினான். ஆத்தா எப்படி இருக்கிறது என்றான். இருக்கிறது, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றேன். அதில் பாதி மெய்தானே. பொங்கலுக்கு வந்துவிடுகிறேன், அதுவரை எழுந்து நடமாடினாலும் அவளைத் தோட்ட வேலைக்கு விடாதே என்றான். சரி சரி என்று கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, நேரமாகிறது என்று எழுந்து நடந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல மாட்டார்கள். அந்த வார்த்தையை அங்கே சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அன்றைக்கு எனக்கே தெரியாமல் நானும் அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறேன்.

"ஏ புள்ள, சொல்லாமப் போற?" என்றான் சிரித்துக்கொண்டே.

திரும்பினேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். நாக்கு எழவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது.

"ஆத்தா எப்பச் செத்துச்சு?"

கங்காணி ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கவே தேவையில்லை. இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தான், முட்டி மடங்கி விழுந்தான். மறுபடி எழப் பார்த்தான். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் உடம்பு அனலாகக் கொதித்தது. கடைசியில், "நீ ஓடு. தம்பியக் கொள்ளி வைக்கச் சொல்லு. நான் வருவேன்னு பாத்துக்கிட்டிருப்பாக, பாவம்" என்றான். தம்பி என்றது சித்தப்பா மகனை.

மெட்டைத் தாண்டி இறங்கும்போது சரிவில் நிழல் விழுந்திருந்தது. கீழே பள்ளத்தாக்கில் வெயில் இன்னும் பளிச்சென்று கிடந்தது. கொட்டுச் சத்தம் இல்லை. ஆற்றங்கரைச் சுடுகாட்டிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. பொழுது சாய வெகுநேரம் இருந்தது. பாவிகள், அவர்களால் அதுவரைகூடப் பொறுக்க முடியவில்லை.

மாசியில் அண்ணன் கம்பு ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"எனக்காகப் பொழுது சாயிற வரைக்கும் வச்சிருந்தாகளா?"

"வச்சிருந்தாகண்ணே" என்றேன். இந்தத் தடவை நாக்கு தடுமாறவில்லை.