மரத்த வாயும் ஒரு தம்ளர் பாயசமும்

கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டிருந்தபோது கீழ்க் கடைவாய்ப் பல்லில் பாதி உடைந்து கையில் வந்தது. சாதாரணக் கடலைதான், கல்கூட இல்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பாதிப் பல் போயும் எனக்குச் சொல் குறையவில்லையே என்று என் மனைவிக்கு வருத்தம்.

அவள் வருத்தத்தில் நியாயம் உண்டு. சிங்கப்பூரில் எங்கள் ஆங் மோ கியோ வட்டாரத்தில் எந்தச் சமூக மன்ற நிகழ்ச்சி நடந்தாலும் மைக் பிடிப்பவன் நான். மைக் இல்லாத நேரத்திலும் அப்படித்தான் பேசுவேன். தவளை தன் வாயால் கெடும் என்பதை அவள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது எனக்கு நினைவூட்டுவாள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு பல் மருத்துவமனை. மருத்துவர் இளம் சீனப் பெண். உடைந்த பல்லுக்குக் கிரௌன் போட வேண்டும், இரண்டு தடவை வர வேண்டும் என்றார். முதல் தடவை மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் சீவி, அளவெடுத்து, தற்காலிகமாக ஒரு மூடி ஒட்டுவார்கள். நிஜ மூடி தயாராகி வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் ஒட்டும் பண்டம், கடினமான பண்டம் எதையும் கடிக்கக் கூடாது. பல்லைக் காப்பாற்றுவதற்கு அதையே சீவுவது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, யாரோ ரத்து செய்த சனிக்கிழமை மதிய நேரத்தை எனக்குக் கொடுத்தார்.

அதே சனிக்கிழமை மாலை பொங்கோலில் சம்பந்தம் பேசப் பெண் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வேறு நாள் கேளுங்கள் என்றாள் மனைவி. ஓர் ஊசி என்னை என்ன செய்துவிடும் என்றேன்.

கல்யாணமே வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த என் மகன், கூட வேலை பார்க்கும் பெண்ணை விரும்பினான். அவளுக்கும் சம்மதம். ஆனால் அவள் அப்பாவைத் தாய்க்குத் தாயாக வளர்த்த அக்கா ஒருவர் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். அந்த அத்தை தலையாட்டாமல் அப்பா சரி என்று சொல்லமாட்டார். அப்பா சொல்லாமல் நான் வரமாட்டேன் என்று பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஆக, எல்லாம் அந்த அத்தையின் தலையில் நின்றது. அவரைக் கவிழ்க்க நான் ஒரு பேச்சு தயாரித்து வைத்திருந்தேன்.

நாற்காலியில் சாய்த்ததும் பல் நிற மாதிரிகளை வரிசையாக என் வாயருகே பிடித்துப் பார்த்தார் மருத்துவர். இருப்பதிலேயே வெள்ளையானது வேண்டும் என்றேன். மற்ற பற்களோடு சேராது அங்கிள் என்று, காலமெல்லாம் தேத்தண்ணீர் குடித்த என் பற்களின் நிறத்துக்கே ஒன்றை எடுத்தார். பிறகு ஊசி. பிறகு சத்தம், தண்ணீர், தீய்ந்த வாடை. வலி துளியும் இல்லை, திறந்தே வைத்திருந்த தாடைதான் கடுத்தது. மரப்பு போகும்வரை மெல்ல வேண்டாம், சூடாகக் குடிக்க வேண்டாம், உதட்டைக் கடித்தாலும் தெரியாது என்று எச்சரித்து அனுப்பினார்.

தேக்கா சந்தையில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு நின்ற மனைவியிடம் ஏதோ சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. பொங்கோல் வரும்வரை ரயிலில் முணுமுணுத்துப் பயிற்சி செய்தேன். ‘சம்பந்தி’ என்ற சொல் உதட்டைத் தாண்டவே இல்லை.

மகன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். பெண்ணின் அப்பா அன்பாக வரவேற்றார். அத்தை எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தார். நான் சிரித்தேன். பாதி உதடுதான் ஏறியது. அது நக்கலாகத் தெரிந்திருக்கும் என்பது எனக்கே புரிந்தது. பெண் ஆளுக்கொரு தம்ளர் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. மனைவி மெதுவாக, இவருக்குப் பல் வலி என்றாள்.

அத்தை தம்பி பக்கம் திரும்பினார். “எங்க ஊர்ல பொண்ணு பிடிக்காதவங்க எல்லாருக்கும் அன்னைக்குத்தான் பல் வலிக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம், தொடாமல் எழுந்தால் வேண்டாம் என்று பொருள். இங்கே பலரும் மறந்துபோன அந்த வழக்கத்தை அத்தை பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். பேசிச் சமாளிக்கலாம் என்றால் நாக்கில் பாதி என்னுடையதே இல்லை. பெண்ணின் அப்பா தரையைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தேவையில்லாத இடத்தில் பேசியவனுக்கு, தேவைப்பட்ட ஒரே நாளில் வாய் இல்லை. பயமாகவே இருந்தது.

அப்போது மகன் வாயைத் திறந்தான். நான் இருக்கும் இடத்தில் அவன் பேசுவது அபூர்வம், நான் இடம் விட்டதில்லை.

“அத்தை, எங்கப்பாவுக்குப் பிடிக்கலன்னா நீங்க கேக்கவே வேண்டாம் லா. இந்நேரம் அவரே சொல்லியிருப்பாரு. பேசாம இருக்காருன்னா அவருக்கு அவ்வளவு பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.”

என்னை இத்தனை வருடம் இவ்வளவு கவனித்திருக்கிறானே! தம்ளரைத் தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. மருத்துவரை மனதுக்குள் வணங்கிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தேன். முந்திரியை மெல்லாமல் விழுங்கினேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தம்ளரை வைத்துவிட்டு எல்லாரையும் பெருமையாகப் பார்த்தேன்.

பெண் என் எதிரே குனிந்து தன் முகவாயை விரலால் தொட்டுக் காட்டினாள். “மாமா, இங்க.” அதுவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். டிஷ்யூவும் நீட்டினாள். பாயசத்தில் பாதி உதட்டோரமாக வழிந்து சட்டைப் பைவரை போயிருந்தது, எனக்குத் தெரியவே இல்லை.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டு வாரம் கழித்து நிஜ மூடி வந்தது. ஊசியே தேவைப்படவில்லை. வைத்துப் பார்த்து, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்து, ஒட்டி முடித்தார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், இன்னோர் ஊசி போட்டு அனுப்ப முடியுமா என்று என் மனைவி மருத்துவரிடம் நிஜமாகவே கேட்டாள்.

நிச்சயதார்த்தத்தில் முழுப் பல்லோடும் முழு நாக்கோடும் மைக் பிடித்தேன். அந்தப் பழைய பேச்சு அப்படியே மனப்பாடமாக இருந்தது. ‘பெரியோர்களே’ என்று தொடங்கியதும், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்துத் தன் முகவாயைத் தொட்டுக் காட்டினாள். பதறித் துடைத்தேன். ஒன்றுமே இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அத்தையும் சிரித்தார். பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. மைக்கை மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.