செய்மதியும் கருவாடும்

பேசாலைக் கடற்கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, மழை வந்துவிடுமோ என்று பேச்சுக்குப் பேச்சு வானத்தை அண்ணாந்து பார்த்தார். தலையில் ஏதோ கட்சிக்காரர் கொடுத்த தொப்பி. பத்திரிகையில் படித்ததை அவரிடம் சொன்னேன்: வெளிநாட்டு இராணுவம் ஒன்று, பூமியைச் சுற்றிவந்து வானிலை பார்க்கும் தன் செய்மதிகள் பழசாகிவிட்டதால் புதியவற்றைச் செய்கிறதாம்.

“ஏன் தம்பி, ஆமிக்காரர் மழையில நனைஞ்சா தடிமன் பிடிக்குமோ?”

அவர் சிரிக்க, நானும் சிரித்தேன். “இல்லை அக்கா, முகில் மூடினா மேல இருந்து குண்டு போடுறது கஷ்டம். அதுதான் முதலே பாக்கினம்.”

அவருடைய சிரிப்பு நின்றது. “ஓம். சண்டைக் காலத்தில இங்க பொம்பர் வந்து குண்டு போட்டதும் நல்ல வெயில் நேரத்திலதான்.”

பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, வானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“குண்டு விழுற இடமெல்லாம் முகிலால மூடிவிடு, மாதாவே! இங்க மட்டும் வேண்டாம், கருவாடு கிடக்கு!”

அப்படியொரு மன்றாட்டை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.