பல்லுக்கார அண்ணனின் சுண்டுவிரல்

பல் செட் செய்யும் கூடத்தில் பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தெருவில் பாதிப் பேருக்கு அவர் பல்லுக்காரர். எனக்குப் பல்லுக்கார அண்ணன். டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகை உருக்கிவிட்டு, சின்னக் கத்தியால் ஒரு பல்லைச் செதுக்கி எடுப்பார். பக்கத்துப் பல் லேசாகத் தேய்ந்திருந்தால் இதிலும் அதே தேய்மானத்தைக் கொண்டுவருவார். "அம்பது வயசு வாயில பதினாறு வயசுப் பல்லை வெச்சா, அது மட்டும் தனியா சிரிக்கும்டா" என்பார். பாட்டு என்றால் அவருக்கு எட்டிக்காய். கூடத்தில் யாராவது ரேடியோ போட்டால் எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்து உட்காருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் கையிலிருந்து கத்தி விழுந்தது. குனிந்தவர் அதை எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே?" என்றேன்.

திரும்பினார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது, வலது பக்கம் விழுந்துவிட்டது. மூன்று வாரத்தில் பேச்சு திரும்பினாலும் சொற்கள் இடம் மாறி வந்தன. தண்ணீர் வேண்டுமென்றால் செருப்பு கேட்டார். மனைவியை அக்கா என்று கூப்பிட்டார். அண்ணி ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். "முப்பது வருஷமா வெறும் ஏய்தான். இப்பத்தான் மரியாதை குடுத்துக் கூப்பிடறார், நான் ஏன் அதக் கெடுத்துக்கணும்?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் வராந்தாவுக்குப் போய் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்தது ஒரு சின்ன வயதுப் பெண். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வாள். துளைப் பலகையில் குச்சிகளைச் செருகச் சொல்வாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மயிரிழை அளவில் மெழுகு சீவிய கைக்குக் குழந்தை விளையாட்டா என்கிற ரோஷம்.

ஒருநாள் அவள் பலகையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள், "சார், உங்களுக்கு மியூசிக் பிடிக்குமா?"

"பிடிக்காது."

அந்த மாதத்தில் பிசகில்லாமல் வந்த ஒரே வார்த்தை அதுதான். அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பிடிக்க வேண்டாம் சார். கீபோர்டுல கட்டைய அமுக்கினா சத்தம் வரும், இல்லன்னா வராது. விரல் என்ன பண்ணுச்சுன்னு காதே சொல்லிடும். இப்படிச் செஞ்சு சில பேருக்குக் கை தேறியிருக்கு. உங்களுக்குத் தேறும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

சத்தியம் பண்ணாததால்தான் அவர் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அண்ணி அலுவலகத்தில் யாரோ பரணில் போட்டிருந்த பழைய கீபோர்டு ஜன்னலோர மேசைக்கு வந்தது. அந்தப் பெண் ஐந்து வெள்ளைக் கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டி, கட்டைக்கு ஒரு விரல் என்று காட்டிக்கொடுத்தாள். காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி. முதல் மாதம் கட்டைவிரல் மட்டும் அமுக்கியது. மற்ற விரல்களை அண்ணி தன் விரலால் தாங்கிப் பிடித்துக் கட்டையில் வைப்பார். வேர்த்துக் கொட்டும் அண்ணனுக்கு. "ஒரு பல்லுக்கு நாலு மணி நேரம் உக்காருவீங்க இல்ல? இதுக்கும் உக்காருங்க" என்பார் அண்ணி. ஆள்காட்டி விரல் வந்தது, நடுவிரல் வந்தது, மோதிர விரல் இழுத்தடித்து வந்தது. சுண்டுவிரல் மட்டும் மடங்கியே கிடந்தது.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது கீழ்வீட்டு அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். சத்தத்துக்காகச் சண்டை போட வந்திருக்கிறார் என்று அண்ணி எழுந்துவிட்டார்.

"இல்லம்மா, மாசக்கணக்கா நாலு சத்தத்தையே கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போல இருந்துச்சு. இப்ப அஞ்சாவது ஒண்ணு கேட்டுச்சே, நிஜமா?"

நானும் அண்ணியும் பேசிக்கொண்டிருந்ததில் கவனிக்கவே இல்லை. அண்ணன் சுண்டுவிரலை இன்னொரு முறை அமுக்கிக் காட்டினார். மெல்லிய சத்தம். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு சட்டைப் பொத்தானைத் தானே போட்டார், சாப்பாட்டைத் தானே பிசைந்தார். எங்கள் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. பத்தாவது மாதம் முதலாளியே ஆளனுப்பி, கூடத்துக்கு வரச் சொன்னார்.

அண்ணன் தன் பழைய மேசையில் உட்கார்ந்தார். ஒரு முன்பல்லின் அச்சை எடுத்துக் கொடுத்தேன். விளக்கில் கத்தியைக் காட்டி மெழுகை விட்டார். நாற்பது நிமிடம் சீவினார். கை கீபோர்டு கட்டையை அமுக்கக் கற்றிருந்தது. கத்தி இழுப்பின் நடுவில் சட்டென்று நிற்கக் கற்றிருக்கவில்லை. ஒவ்வொரு சீவலும் ஒரு நூல் தாண்டிப் போனது. முடித்து என் முன்னால் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்குண்ணே" என்றேன்.

"யாரு... யாரு வாயில வெப்பே இத?"

அவர் அந்த மெழுகைக் கட்டைவிரலால் நசுக்கினார். படியேறும்போது பிடித்திருந்த என் தோளை இறங்கும்போது பிடித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போனவர் கீபோர்டு மேல் ஒரு துண்டை விரித்துப் போட்டுவிட்டார். மூன்று வாரம் தொடவில்லை. விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கின. ஒரு சாயங்காலம் நான் பழம் வாங்கிக்கொண்டு போனபோது அண்ணி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"நீங்க பல்லு செதுக்கணும்னு நான் எப்பவாவது கேட்டேனா? நான் ஆபீஸ்ல இருக்கும்போது நீங்க விழுந்தா, போனை எடுத்து என் நம்பரை அமுக்கணும். எனக்கு அது போதும். நாளைக்கு இடது கையும் விழுந்துட்டா, அதுக்கு இந்த விரல்தான் வேணும். உங்களுக்கு வேண்டாம்னா எனக்காவது வெச்சிருங்களேன்!"

என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் வெகுநேரம் தன் கையையே பார்த்தார். பிறகு இடது கையால் துண்டை இழுத்துக் கீழே போட்டார். அன்றைக்கு அமுக்கியது கட்டைவிரல் மட்டும்தான்.

அடுத்த இரண்டு வருடம் ஒருநாள்கூட விடவில்லை. அவர் பாட்டுக்காரர் ஆகிவிடவில்லை. மூன்று சின்ன மெட்டுகள் தெரியும், மூன்றும் அந்தப் பெண் தாளில் எண் போட்டு எழுதிக்கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் பாதியில் நிற்பார். அடுத்த விரல் எது என்று தேடுவார். கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். அந்த நேரத்தில் யாராவது எடுத்துக்கொடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதனால் அண்ணி அடுப்பங்கரையிலேயே காத்திருக்கப் பழகியிருந்தார். "அவர் தேடறப்ப நானும் கரண்டியப் பிடிச்சிட்டு அப்படியே நின்னுடுவேன். கெடச்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா வேலைய ஆரம்பிப்போம்" என்று ஒருமுறை சொன்னார். அவர்கள் இருவரும் அவ்வளவு நெருக்கமாக வாழ்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது அடைப்பு ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தது. அண்ணி வீட்டில்தான் இருந்தார். இரண்டாவது மெட்டு பாதியில் நின்றது. தேடுகிறார் என்று நினைத்தார். வெங்காயத்தை நறுக்காமல், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். எட்டிப் பார்த்தபோது அவர் தலை கட்டைகளின் மேல் சாய்ந்திருந்தது. ஒலி கூட்டும் திருகில் முகம் பட்டுச் சத்தம் குறைந்திருந்தது போலும். அருகில் போன பிறகுதான், பல கட்டைகள் சேர்ந்து முனகுவது அண்ணிக்குக் கேட்டிருக்கிறது.

எட்டாம் நாள் அண்ணன் போய்விட்டார். கண் திறக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அண்ணி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் ஒரு அஞ்சு நிமிஷம் நின்னிருப்பேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடியிருந்தா பொழச்சிருப்பாரா?"

டாக்டரிடம் நானே கேட்டிருந்தேன். இது பெரிய அடைப்பு, ஐந்து நிமிடத்தில் எதுவும் மாறியிருக்காது என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணி கவனமாகக் கேட்டார், தலையாட்டினார், டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதையே கேட்டார்.