வழி விடாத வானமும் ராஜகுருவும்

டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்கும்போதே ராஜகுரு பங்கில் ஸ்கூட்டரை நிறுத்திவிடுவார். திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் வரை போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவதற்கு இவ்வளவு எதற்கு என்று பங்கில் நிற்கும் பால்பாண்டிக்குச் சிரிப்பு வரும்.

"அண்ணே, போன செவ்வாக்கெழம போட்டதே அப்படியே கெடக்கு."

"ரோட்ட அடைச்சு சப்பரம் வந்துச்சுன்னா சுத்திப் போகணும்ல. போடு மாப்ள."

ஸ்கூட்டரில்தான் இப்படி என்றில்லை. ராஜகுரு இருபத்திரண்டு வருடமாக விமானம் ஓட்டுகிறார். சேலை வியாபாரம் செய்த ராமமூர்த்திக்கு மூத்த மகன். அவருடைய சித்தப்பாமார் மூன்று பேரும், அவர்கள் பிள்ளைகளும் சேலைக்கடையைத் தாண்டவில்லை. இவர் ஒருவர்தான் வானத்துக்குப் போனார். எங்கே போனாலும் திரும்பி வர இன்னொரு வழியைப் பார்த்து வைத்துக்கொள்வார். "கல்யாண மண்டபத்துக்குள்ள நொழஞ்சதும் பின்வாசல் எங்கன்னு கேக்குற மனுசன் இவரு ஒருத்தர்தான்" என்பார் மனைவி சீதாலட்சுமி.

டீக்கடையில் கேட்பார்கள்: "ஏண்ணே, அடுத்த நாட்டுக்காரன் உள்ள வராதன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?"

"கோவப்படக் கூடாது. மொதல்ல அவன் எல்லைக்கு வெளியவே வட்டம் போடுவேன். கம்பெனிக்குச் சொல்லுவேன். பக்கத்து நாட்டுக்காரன் வழி குடுத்தா, எண்ணெயும் பத்துச்சுன்னா, சுத்திப் போவேன். இல்லையா, முன்னாடியே பாத்து வச்ச ஊர்ல எறங்குவேன். அதுவும் தோதுப்படலன்னா கெளம்புன எடத்துக்கே திரும்பிருவேன்."

"உசுருக்கு ஆபத்துன்னு சொன்னா விட்டுத்தான ஆகணும்?"

"விடுவான். ஆனா எண்ணெய் தீர்ற வரைக்கும் சும்மா சுத்திட்டு அந்த வார்த்தையச் சொல்றவன் நல்ல டிரைவரு இல்ல."

போன பங்குனியில் இது வெறும் டீக்கடைப் பேச்சாக இல்லாமல் போயிற்று. வளைகுடாவிலிருந்து விடிகாலையில் மதுரைக்குக் கிளம்பிய விமானம் அது. நூற்று எழுபத்தாறு பேர். ஒரு மணி நேரம் பறந்த பிறகு, நடுவில் இருந்த நாடு திடீரென்று வானத்தை மூடிவிட்டது. ராஜகுரு வழி கேட்டபடி எல்லைக்கு வெளியே இருபது நிமிடம் வட்டமிட்டார். பதில் வரவில்லை. எண்ணெய்க் கணக்கைப் பார்த்தார், திரும்பிவிட்டார்.

கெட்ட செய்தியை அவர் பிறர் வாயால் சொல்ல விடுவதில்லை. கிளம்பிய ஊரிலேயே இறங்கியதும் விமானி அறையிலிருந்து தானே வெளியே வந்து பயணிகள் முன்னால் நின்றார். நடு வரிசையிலிருந்து சோணைமுத்து எழுந்தார். செல்லம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர், கட்டட வேலை பார்ப்பவர். அவருடைய அக்கா கனகாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண் பிள்ளைக்கு அன்றைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கனகாவுக்கு உடன்பிறந்தவர் இவர் ஒருவரே. லீவு நாலே நாள். அதற்குள் வேறு நல்ல நாளும் இல்லை.

"சார், நீங்க மருதக்காரருன்னு மைக்குல பேசுனப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒரு ஓரமாப் போயிருக்கலாம்ல?"

"ஓரத்துலயும் பாத்துக்கிட்டுத்தாண்ணே இருப்பாங்க."

"அப்ப காதுகுத்துன்னு சொல்லுங்க சார். தாய்மாமன் வாரான்னு சொன்னா எந்த ஊர்லயும் வழி விடுவாங்க."

விமானமே சிரித்தது. ராஜகுரு சிரிக்கவில்லை. "எத்தன மணிக்குள்ளண்ணே?" என்று கேட்டார்.

"பொழுது எறங்குறதுக்குள்ள. அதுக்கு மேல ஆசாரி ஊசியத் தொட மாட்டாரு."

பத்தரைக்குள் கிளம்பாவிட்டால் ராஜகுருவின் வேலை நேரம் முடிந்துவிடும். பிறகு அவரே ஓட்ட நினைத்தாலும் சட்டம் விடாது; எல்லோரும் மறுநாள் வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தெற்கே கடல் வழியாகச் சுற்றிப் போக இன்னொரு நாட்டின் அனுமதி வேண்டும் என்று கம்பெனியைப் போனில் விடாமல் கேட்டார். கேட்டுக்கொண்டே அந்தத் தூரத்துக்கு எண்ணெயை ஏற்றச் சொன்னார். வழி கிடைக்குமா என்பதே தெரியாதபோது எண்ணெய் எதற்கு என்று அங்கிருந்தவர்கள் விழித்தார்கள்.

பத்து பத்துக்கு அனுமதி வந்தது. எண்ணெயும் நிரம்பியிருந்தது.

அந்த இன்னொரு நாட்டின் எல்லையைத் தொட்டபோது, முகம் தெரியாத ஒருவன் ரேடியோவில் "வாருங்கள்" என்றான். ராஜகுரு அவனுக்கு நன்றி சொன்னார். ரேடியோவை விட்ட பிறகு, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் தனக்குள் இன்னொரு தரம் சொல்லிக்கொண்டார். அந்தக் குரலை நினைக்காமல் ஒரு நாளும் சாப்பிட உட்காருவதில்லை என்று இப்போதும் சொல்கிறார்.

மதுரையில் இறங்கும்போது மணி மூன்றே முக்கால். வேலைகளை முடித்து ராஜகுரு வெளியே வர நாலரை ஆயிற்று. வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே மாலையும் சீர்த்தட்டுகளும். வெளியே சோணைமுத்து.

"இன்னும் போகலையா?"

"நீங்க வராம வண்டி எடுக்க மாட்டேன் சார்."

"எனக்குத் தூக்கம் கண்ணக் கட்டுதுண்ணே. நேரம் ஆகுது, கெளம்புங்க."

"ஆகட்டும். நான் நிக்கிறேன்."

பேசிக்கொண்டே நின்றால் பொழுதுதான் போகும் என்று ராஜகுரு யூனிபாரத்தோடு வேனில் ஏறிவிட்டார்.

குலசாமி கோயிலடியில் வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. மத்தியானத்திலிருந்து கனகா பிள்ளையை யார் மடிக்கும் கொடுக்காமல் தூக்கி வைத்திருந்தாளாம். பங்காளிகள் எல்லோரும் சொல்லிப் பார்த்தும், "எந்தம்பி வருவான்" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை. வேன் நின்றதும் தம்பியைப் பார்த்தாள். அவர் பின்னால் இறங்கியவரைப் பார்த்தாள். "இவருதான்க்கா கொண்டாந்து சேத்தாரு" என்றார் சோணைமுத்து. கனகா ராஜகுருவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சோணைமுத்து தாய்மாமன் பாயில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஆசாரி ஊசியைத் துடைத்தார். ராஜகுரு கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

"சார், இங்க வந்து உக்காருங்க."

"அது மாமன் உக்கார்ற எடம்ணே. நான் வேத்தாளு."

சோணைமுத்து பாயில் பாதியை விட்டு நகர்ந்தார். ஆசாரி ஊசியை நீட்டியபடி காத்திருந்தார். வேறு வழியில்லாமல் ராஜகுரு ஷூவைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் சம்மணமிட்டார். சோணைமுத்து பிள்ளையின் ஒரு காலைத் தூக்கி, கொலுசோடு, ராஜகுருவின் மடியில் வைத்தார்.