ஊக்கு குத்திய வரிசை

மனைவியின் காரியமெல்லாம் முடிந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சன் என்று மைத்துனர் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். பேசிவிட்டுப் போகட்டும். காபியில் சர்க்கரை போட்டிருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தேன். மரத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

மகளுக்காக அவள் மெரூன் நிறத்தில் ஒரு சால்வை பின்னிக்கொண்டிருந்தாள். மகள் பட்டாபிராமிலிருந்து ரயிலேறிப் போய், ஆபீஸ் ஏசியில் நாளெல்லாம் நடுங்கிவிட்டு வருவாள். பாதிச் சால்வையும், கடைசிக் கண்ணியில் மாட்டியபடியே குரோஷா ஊசியும், மிச்ச உல்லனும் ஒரு துணிக்கடைப் பையில் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தப் பையை என் மடியில் வைத்து, முடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். ஆவடியில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று வாங்கிக்கொண்டேன்.

போனில் வீடியோ பார்த்து, முதலில் வேறு நூலில் உள்ளங்கை அகலத்துக்கு மாதிரித் துண்டு போட்டுப் பார்த்தேன். சதுரமாகத் தொடங்கியது முக்கோணமாக முடிந்தது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டிருக்கிறேன். அதிலிருந்து வரிசை முடிந்ததும் கண்ணிகளை எண்ணாமல் பின்னலைத் திருப்புவதில்லை. எண்ணிக்கை சரியாக வந்த தைரியத்தில் சால்வையில் நாலு வரிசை போட்டேன். அவள் போட்டது மெத்தென்று தொங்கியது, நான் போட்டது சாக்கு மாதிரி விறைத்து நின்றது.

பூந்தமல்லியில் உல்லன் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் எடுத்துப்போனேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சால்வையை விரித்துத் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், இங்கேர்ந்து கை மாறிக்கீதே."

முன்னால் போட்டது யார் என்று சொன்னேன். அவர் சால்வையை மெதுவாக மடித்து வைத்தார். பிறகு, நூலை இழுத்துப் பிடிக்காமல் விரல் வழியாகத் தானாக ஓடவிடச் சொன்னார். இறுக்கமான கைக்கு ஒரு நம்பர் பெரிய ஊசிதான் மருந்து என்று எடுத்துக்கொடுத்தார்.

"உன்க்கு வரலைன்னு பிரிக்கச்சொல்லோ, அவங்க போட்டதையும் சேத்துப் பிரிச்சிடப் போறே சார். அவங்க வுட்ட எடத்துல ஒரு ஊக்கு குத்தி வச்சிக்கோ."

குத்தினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை பிரித்தேனோ, ஒவ்வொரு தடவையும் ஊக்கு வந்ததும் கை நின்றுவிடும். அவள் வரிசையில் ஒரு கண்ணிகூட அவிழவில்லை. ஊக்குதான் இருக்கிறதே என்று வரிசைகளை மட்டும் எண்ணி வைக்கவில்லை. மெல்ல மெல்லக் கை தளர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் சால்வையும் முடிந்தது.

முடித்த வேலையில் குறி எதுவும் இருக்கக்கூடாது என்பது பட்டறைப் புத்தி. ஊக்கைக் கழற்றி, அலசி, நிழலில் காயப்போட்டு, மடித்துக் கொடுத்தேன்.

காலையில் மகள் அதைப் போர்த்திக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டினாள்.

"அம்மா எது வரைக்கும் போட்டாங்கப்பா?"

காட்டத்தான் போனேன். கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினேன், திரும்பக் கீழிருந்து மேலே தடவினேன். எங்கும் ஒரே கை. மனைவி எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று தெரியவில்லை.

ரயிலுக்கு நேரமாகிறது என்றாள். ஏதோ ஒரு வரிசையைத் தொட்டு, இது வரைக்கும் என்றேன். அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தாள்.