அப்பா பிடித்த பலகை

அப்பாவைக் காப்பாற்ற என்னிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அவரை வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது. அதை அம்மா ஏற்கெனவே முயன்று தோற்றுப்போயிருந்தாள். இன்னொன்று, நானும் அவருடன் பஸ்ஸில் போய், கல்லெறிய வருகிறவர்களை ஆளுக்கொரு குத்தில் சாய்த்துவிடுவது. எனக்கு அப்போது பத்து வயது. இரண்டாவது வழிதான் சுலபமாகப் பட்டது.

அப்பா பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, வடக்கனந்தல் வழியாகக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலை வரை போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பும் வண்டி அவருடையது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். இன்றைக்குத் தியாகதுருகம் சாலை அடைபட்டால் நாளைக்கு மணலூர்பேட்டைப் பக்கம். மரத்தை இழுத்துப் போட்டு வழி கிடைத்தால் வண்டியை எடு என்பார்கள் டிப்போவில். எடுத்தால் எங்கிருந்தாவது ஒரு கல் வரும். மறியல் செய்தவர்களில் அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இருந்தார்கள், எங்கள் உறவுக்காரர்களும் இருந்தார்கள். அதனால் வீட்டில் யாரையும் மனதாரத் திட்டக்கூட முடியாது.

"அவங்க கேக்கறது நாயந்தான். பஸ்ஸு கண்ணாடி இன்னா பாவம் பண்ணுச்சி?" என்பார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி.

"கண்ணாடிய வுடுங்க. அதுக்குப் பின்னால குந்திக்கினு இருக்கறது யாரு?" என்பாள் அம்மா.

அப்பா மோர்ச் சொம்பை எட்டி எடுப்பார். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன்.

எங்கள் வீடு டிப்போவுக்குப் பின்தெருவில் இருந்தது. ஒவ்வொரு வண்டியும் உள்ளே திரும்பும்போது எப்படி உறுமும் என்று எனக்கு அத்துப்படி. வெயில் இறங்க ஆரம்பித்ததும் எனக்கு வயிறு வலிக்கத் தொடங்கும். அப்பாவின் வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டதும் வலி நின்றுவிடும். அம்மா அதற்காக ஓம வாட்டர் வாங்கி வைத்திருந்தாள். பாவம், அது என்ன செய்யும்?

இந்த நிலைமையில்தான் என் டேக்வாண்டோவை நான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து ஒரு மாஸ்டர் வந்து பள்ளி மைதானத்தில் சொல்லிக்கொடுப்பார். ஊரார் அதைக் கராத்தே என்றார்கள். மாஸ்டர் முதலில் திருத்திப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். என்னைச் சேர்த்துவிட்டது அப்பா. பெண்பிள்ளை கால்தூக்கி நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், என் வெள்ளை உடுப்புக்கு நீலம் போட்டுத் தோய்த்தது அவள்தான்.

குத்து என்றால் கையை ஓங்கி இடிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாஸ்டர் முதல் நாளே அதைக் கலைத்துவிட்டார்.

"மம்முட்டியால மண்ணு வெட்டறவரைப் பாத்திருக்கியா? கையாலயா வெட்டறாரு? இடுப்புதான் வெட்டுது."

அவர் சொன்னபடி, விசை தரையில் பிறக்கிறது. குதிகாலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறி, கடைசியாகத்தான் கைக்கு வருகிறது. முழங்கால் லேசாகத் தணிந்து, உடம்பு ஒரு மூச்சு உயர்ந்து, மறுபடி இறங்கும்போது இடுப்பு திரும்பிக் குத்து போக வேண்டும். அப்போதுதான் உடம்பின் முழுக்கனமும் அதில் இறங்கும். வலக்கை முன்னே போகிற அதே கணத்தில் இடக்கை இடுப்புக்குத் திரும்ப வேண்டும். ஐந்து விரலும் மோதக்கூடாது, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் கணுக்கள் மட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கை படுகிற கணம் வரைக்கும் உடம்பு தளர்ந்திருக்க வேண்டும். பட்ட கணத்தில் மூச்சை விட்டு, எல்லாம் இறுக வேண்டும். முன்கூட்டியே தோள் இறுகினால் வேகம் அங்கேயே செத்துப்போகும்.

"பலகையப் பாக்காத. அதுக்குப் பின்னால ஒரு சாண் தள்ளிப் பாரு. உன் கை போய் நிக்கவேண்டிய எடம் அதுதான்" என்றும் சொல்லியிருந்தார்.

பலகை உடைக்கும் பாடத்தைத் தொடங்கிய வாரத்தில் சாலைகள் அடைபட்டன. மாஸ்டர் வரவில்லை. எனக்குப் பலகை பிடிக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு பழக்கடையிலிருந்து ஆப்பிள் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி வருவார். மர ரேகை மேலிருந்து கீழாக ஓடும்படி நிறுத்தி, இரண்டு ஓரங்களையும் உள்ளங்கையால் பற்றி, ஒரு காலை முன்வைத்து நிற்பார். மாஸ்டர் ஒருமுறை அவருக்குக் காட்டிக்கொடுத்த நிலை அது. பலகை விளிம்புக்கு மேலாக, ஒரு சாண் தள்ளி, அப்பாவின் காக்கிச் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெரியும். அதுதான் என் குறி.

என் திட்டத்தை நான் அப்பாவிடம் மறைக்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்கிறேன், கல்லெறிய வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்பா சிரிக்கவில்லை.

"சரிம்மா. பலகைய ஒடச்சிட்டின்னா மறுநாளே கூட்டிக்கினு போறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் குத்தினேன். பலகை உடையவில்லை. 'தப்' என்று ஒரு சத்தம் வரும், பலகை கொஞ்சம் பின்வாங்கி நிற்கும், அவ்வளவுதான். என் கையும் வலிக்காது. அப்பா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "லேசா விரிசல் வுட்டாமாரிதான் இருக்கு. நாளைக்குப் பாப்போம்" என்பார். நான் எத்தனை உற்றுப் பார்த்தும் எந்த விரிசலும் தெரியாது.

தப்பு என் தோளில் இருக்கிறது என்று முடிவு செய்தேன். அது பொய்யுமில்லை. பயத்தில் என் தோள்கள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. தளர்ந்து நில் என்று மாஸ்டர் சுலபமாகச் சொல்லிவிட்டுச் சேலத்தில் உட்கார்ந்துகொண்டார். விடிந்தால் அப்பா மறுபடி அந்தச் சாலையில் போவாரே என்று நினைக்கிற பிள்ளை எப்படித் தளர்ந்து நிற்கும்? நான் இறுகியதால் பலகை உடையவில்லை. பலகை உடையாததால் அப்பா தனியாகப் போனார். அவர் தனியாகப் போனதால் நான் இன்னும் இறுகினேன்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அப்பாவின் வண்டி கியர் மாற்றும் அந்தச் சத்தம் வரவில்லை.

சங்கராபுரம் வண்டி வந்தது. சின்னசேலம் வண்டி வந்தது. மலை வண்டியைக் காணோம். அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். நடுவில் காரணமில்லாமல் என்னைத் திட்டினாள். நான் முற்றத்தில் நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்தேன். முதலில் முழங்காலா இடுப்பா என்பதே மறந்துபோனது. என்னால்தான், நேற்றே உடைத்திருந்தால் இன்று கூடப் போயிருப்பேனே என்று அழுகை வந்தது. விளக்கு வைத்தும் ஆயிற்று. பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக வந்து, ஒன்றும் கேட்காமல் எங்கள் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

அப்பா நடந்து வந்தார். கூடவே, வழக்கமாக அவருடன் போகும் கண்டக்டர் மாமா. அப்பாவின் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு துண்டு சுற்றியிருந்தது.

"ஒண்ணுமில்ல. ரேடியேட்டர தொறந்தேன். சுடுதண்ணி அடிச்சிடுச்சி" என்றார்.

கண்டக்டர் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அப்பாவைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனாள். வெகுநேரம் இருவரும் வரவில்லை. டிங்சர் நெடி மட்டும் வந்தது. திரும்பி வந்த அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. புகை என்று நினைத்தேன். அப்பா வந்துவிட்டார், என் வயிற்றுவலி நின்றுவிட்டது, எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

"பலகைய எடுத்தாம்மா" என்றார் அப்பா.

"இப்ப இன்னா பலக? கைய வெச்சிக்கினு கம்முனு குந்துங்க" என்று அம்மா கத்தினாள்.

"இன்னிக்கு ஒடையும்னு தோணுது. எடுத்தாம்மா நீ."

எடுத்து வந்தேன். துண்டு வழுக்கியதோ என்னவோ, அதை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுப் பலகையைப் பற்றினார். நான் கைகளைப் பார்க்கவில்லை. பலகைக்குப் பின்னால் பார்க்கவேண்டியவள் அல்லவா நான்? அங்கே பார்த்தால் இரண்டாவது பொத்தானைக் காணோம். இந்தச் சமயத்திலா பொத்தானைத் தொலைப்பார் என்று எரிச்சலாக இருந்தது. பொத்தான் இருந்த இடத்தில் நூல் தொங்கியது. சரி, நூலே குறி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நூலுக்குப் பின்னால் அப்பாவின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் தோள்கள் தாமாகவே கீழே இறங்கின. முழங்கால் தணிந்தது, உடம்பு உயர்ந்தது, இடுப்பு திரும்பியது, மூச்சு போனது.

படார் என்றது. என் முஷ்டி நூலுக்கு முன்னால் நின்றது. பலகை இரண்டாகப் பிளந்து, பாதி பாதியாக அப்பாவின் கைகளில் இருந்தது. அந்தக் கைகள் இம்மியும் அசைந்திருக்கவில்லை. அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார். என் குத்துக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன், பெருமையாக இருந்தது.

பலகைத் துண்டுகளை வாங்கிப் பார்த்தால் இரண்டிலும் சிவப்பாகக் கறை. "ரத்தம்! என் ரத்தம்!" என்று கூவினேன்.

"ஆமாம்மா" என்றார் அப்பா. அம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"அப்ப நாளைக்கு நானும் பஸ்ல வரேன்ல?"

"வா. முன்சீட்டு உனுக்குத்தான்."

மறுநாள் விடியும்போதே வெள்ளை உடுப்பும் பெல்ட்டுமாகத் தயாராகிவிட்டேன். அப்பா போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். இன்று பஸ் கிடையாது, போராட்டம் முடியும் வரைக்கும் எந்த வண்டியும் போகாது என்றாள் அம்மா. நான் தரையில் விழுந்து அழுதேன். எத்தனை பாடுபட்டு உடைத்தேன், உடைத்த மறுநாளா பஸ் நிற்கவேண்டும்?

அன்று நடந்ததை எனக்குச் சொன்னது கண்டக்டர் மாமாதான், வெகுகாலம் கழித்து, என் கல்யாணத்தில், பந்தி முடிந்த பின். மலையிலிருந்து இறங்கி வடக்கனந்தலைத் தொடுவதற்கு முன்னால் கல் விழுந்ததாம். முன்கண்ணாடி முழுவதும் அப்பாவின் மடியிலும் ஸ்டியரிங்மேலும் கொட்டியிருக்கிறது. வண்டி நிறைய ஜனம், பக்கத்தில் பள்ளம். கையை எடுத்தால் வண்டி போய்விடும் என்று, கண்ணாடிச் சில்லுகளோடு சேர்த்து ஸ்டியரிங்கைப் பிடித்து, ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். எல்லாரும் இறங்கிய பிறகுதான் கையை எடுத்தாராம். மறுநாளிலிருந்து வண்டி எடுக்க வேண்டாம் என்று டிப்போவில் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

பலகை ஏன் அத்தனை நாள் உடையவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை, பின்னாளில் நானே மற்றவர்களுக்குப் பலகை பிடித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிடிப்பவரின் முழங்கை கொஞ்சம் மடங்கினால் போதும், எப்பேர்ப்பட்ட குத்தும் வீணாகிவிடும். ஆனால் குத்துகிறவர் கை வலிக்காமலும், அவருக்குத் தெரியாமலும் மடக்குவது லேசில்லை. என் அப்பா பிரேக் போட்டால் நிற்கிறவர் கையிலிருக்கிற டீ சிந்தாது என்பார் கண்டக்டர் மாமா. அந்தப் பக்குவத்தோடு, சாயங்காலம் தவறாமல், என் குத்துக்கு அவர் பிரேக் போட்டிருக்கிறார். பஸ் ஓடாது என்று தெரிந்த அன்று மட்டும் போடவில்லை.

இதெல்லாம் இப்போது. அப்போது எனக்குத் தெரிந்தது, நான் பலகையை உடைத்தவள் என்பது மட்டும்தான். சாலை திறந்து மாஸ்டர் வந்த ஞாயிற்றுக்கிழமை, கறை பழுப்பாகிவிட்ட பலகைத் துண்டுகளை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தம் வந்தும் விடவில்லை சார் என்றேன். மாஸ்டர் இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தார். நடுவில், என் கணுக்கள் பட்ட இடம் சுத்தமாக இருந்தது. கறை இருந்ததெல்லாம் இரண்டு ஓரங்களிலும். அவர் அந்த ஓரங்களை விரலால் தடவினார்.

"யாரு பிடிச்சது?"

"அப்பா சார்."

"அப்பா கை எப்படிம்மா இருக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. உடைத்தது நான், இவர் விசாரிப்பது அப்பாவையா? "அவருக்கு இன்னா சார், சுடுதண்ணிதான் பட்டுச்சி" என்று சொல்லிவிட்டு, ஒரு கீறல்கூட இல்லாத என் இரண்டு முஷ்டிகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"என் கையப் பாருங்க சார்!"