கோழிக் கூண்டில் திருத்தணி மலைக்கு

காலை 6.10. சென்ட்ரல்.

பெரம்பூரில் குடியிருப்பவன் அரக்கோணம் பக்கம் போகிற பாசஞ்சரைப் பிடிக்க சென்ட்ரல் வரைக்கும் எதிர்த்திசையில் போவானா என்று கேட்பீர்கள். போவான், ஜன்னலோரம் வேண்டுமென்றால். எனக்கு அன்று ஜன்னல் ரொம்ப அவசியமாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் திருத்தணி வரைக்கும் எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் உட்கார்ந்து வயிறு எரிய வேண்டியிருந்தது.

திருத்தணிக்குப் போகிறவர்கள் காவடி கொண்டு போவார்கள், முடி கொண்டு போவார்கள். நான் சட்டைப் பையில் ஒரு ஜீப்பின் ஆர்.சி. புக்கும், கையெழுத்துப் போடாத டிரான்ஸ்ஃபர் ஃபாரமும், ஒரு பேனாவும் கொண்டு போனேன். கூப்பிட்டது என் மச்சினன் முனிரத்தினம். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் வைத்திருக்கிறான். என் மனைவி சரோஜாவின் தம்பி. ஒரு கார்டு போட்டிருந்தான்: "பாவா, கோழிக் கூண்டு ஓடுகிறது. வெள்ளிக்கிழமை திருத்தணி மலையில் பூஜை. வந்து ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும்."

கோழிக் கூண்டு என்று பேர் வைத்தது நான்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மிலிட்டரி ஏலத்தில் ஒரு யுத்த காலத்து ஜீப்பை என் பேரில் எடுத்தேன். மூன்று மாதம் மகாராஜா மாதிரி ஓட்டினேன். மாமனார் வீட்டுக்குப் போகும் வழியில் ஆர்.கே. பேட்டை தாண்டி எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இரண்டு மாடு பூட்டி அம்மையார்குப்பத்துக்கு இழுத்து வந்து அவர்கள் வீட்டுப் பின்னால் விட்டேன். "பாடாவதி வண்டிடா முனிரத்தினம், நீயே வெச்சுக்கோ. கோழி அடைக்க ஆகும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவனும் அடைத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்குப் போனபோதுகூட என் டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அந்த வண்டி ஓடுகிறதாம். கார்டைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிளம்பும்போது சரோஜா வாசல் வரை வந்து, "அவன்கிட்ட வம்பு பண்ணாம போட்டுட்டு வாங்க. வேணாம்னு தூக்கிப் போட்டது நீங்கதானே?" என்றாள். ஆமாம், நான்தான். ஆனால் சட்டப்படி வண்டி யாருடையது? புக்கில் என் பேர் இருக்கிறது. இதையேதான் திருவள்ளூர் வரைக்கும் சக்கரத்தின் தாளத்துக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

7.40. மணவூர். எதிரே குடும்பத்தோடு மொட்டை போடப் போகிற ஒருவர் எனக்கு ஒரு இட்லி நீட்டினார்.

"உங்களுக்கு இன்னாங்க வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்லைங்க. ஒரு கையெழுத்து."

"கொடுக்கப் போறீங்களா, வாங்கப் போறீங்களா?"

"அதைத்தான் யோசிச்சுக்கினு போறேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு இன்னொரு இட்லி கொடுத்தார். அரக்கோணத்தில் எஞ்சின் ஏதோ யோசனையில் இருபது நிமிஷம் நின்றது. நாற்பது காசுக்கு ஒரு டீ குடித்தேன், வெந்நீர்.

8.55. திருத்தணி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் யாருக்கும் முதலில் மலைதான் கண்ணில் படும். எனக்கு ஜீப் பட்டது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வது! பாசிப் பச்சைப் பெயின்ட், முகம் பார்க்கலாம். நெற்றியில் இரண்டு ஹாலஜன் விளக்கு. முன்பெல்லாம் மழை வந்தால் ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் வைப்பரை ஆட்ட வேண்டும்; இப்போது அதற்கு மோட்டார். தகரப் பலகையாக இருந்த சீட்டில் ஃபோம் வைத்து, அவன் தறியிலேயே நெய்த சிவப்புக் கட்டம் போட்ட துணியில் உறை. டாஷ்போர்டில் கேசட் பிளேயர் முருகன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மூலையில் உள்ளங்கை அகல ஃபேன் ஒன்றுகூட. ஸ்டியரிங் மட்டும் பழையபடி இடது பக்கமே இருந்தது. சுற்றிப் பத்துப் பேர், நடுவில் என் மச்சினன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"வாங்க பாவா, வாங்க! எப்படிக்கீது?"

நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. டயரை ஒரு உதை உதைத்து, "பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றேன்.

"எஞ்சின் பழசு இல்ல பாவா. ஆக்சிடென்ட் ஆன ஒரு வேன்லேருந்து டீசல் எஞ்சின் தூக்கினு வந்தேன். அதுக்குத் தோதா நாலு கியர் பெட்டி. பழைய பெட்டியில மூணுதானே? அதனால கியர் எடமெல்லாம் இப்ப மாறிப்போச்சு, பாத்துக்குங்க, இது மேல தள்ளுனா…"

"இந்த ஜீப்பை நீ கண்ணால பார்க்கறதுக்கு முன்னாலயே நான் ஓட்டினவன்டா. எனக்கே கியர் சொல்லித் தரியா?"

அவன் சிரித்துவிட்டுப் பேச்சை விட்டான். நான் கேட்டிருக்கலாம்.

9.20. நேரே மலைக்குப் போயிருக்கலாம். பையன் வித்தை காட்ட வேண்டுமே! நந்தி ஆற்றில் இறக்கினான். தண்ணீர் இல்லை, முழங்கால் புதையும் மணல். என் காலத்தில் இதே ஆற்றில் இறங்கி, ஏற முடியாமல் எட்டு ஆளை வைத்துத் தள்ளினேன். முனிரத்தினம் சின்ன லிவரை இழுத்து நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தான். ஜீப் வயிற்றை ஆட்டிக்கொண்டு, எருமை சேற்றில் போகிற நிதானத்தில் அக்கரை ஏறியது. அங்கே மணல் ஏற்றிக்கொண்டிருந்த மாட்டுவண்டிக்காரர் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"வண்டின்னா இதாங்க வண்டி. யாருதுங்க?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். "எங்க வீட்டு வண்டிங்க" என்று அவன் பொதுவாகச் சொல்லிக் கிளப்பினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் காலத்து எஞ்சினே சரியில்லாத எஞ்சின். அதனாலதான் போச்சு" என்றேன்.

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "பிரிச்சுப் பாத்தேன் பாவா. உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்ல. அக்காகிட்டகூட சொல்லல நானு."

எனக்குக் காது சுட்டது. ஆயில் பார்க்காமல் ஓட்டியது நான்தான். வண்டி பாடாவதி என்று பன்னிரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லி வந்தவனும் நான்தான். உண்மை தெரிந்தும் ஒருவன் வாயைத் திறக்காமல் இருந்தால் அவன்மேல் நன்றி வர வேண்டும். எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. இதிலும் அவன் நல்லவனாகப் போய்விட்டானே.

10.15. மலை. படியேறுகிறவர்களுக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, நாளைக்கு ஒன்று என்று கணக்கு. எங்களுக்கு வண்டிப் பாதை. இரண்டாவது கியரிலேயே மூச்சு வாங்காமல் ஏறியது. மேலே ஓரமாக நிறுத்திவிட்டு முனிரத்தினம், "பாவா, கையெழுத்து ஆயிட்டுதுன்னா பூஜையை எம்பேர்ல பண்ணிடலாம்" என்றான்.

"இரு, என்ன அவசரம்? பூஜை முடியட்டும்" என்றேன்.

வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்களே, அந்த நாய் அன்று காலை திருத்தணி மலைமேல் நின்றுகொண்டிருந்தது.

குருக்கள் தட்டோடு வந்தார். ஜீப்புக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி முதன்முதலாக அந்தப் பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். திருஷ்டி அதோடு போய்விடும். ஓட்டுகிறவன் சொந்தக்காரனாக இருக்க வேண்டும்.

"வண்டி யார் பேர்ல இருக்கு? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

முனிரத்தினம் பொய் சொல்லியிருக்கலாம். சாமி சந்நிதியில் அவனுக்கு வரவில்லை. "இன்னும் பாவா பேர்லதாங்க கீது" என்றான் மெல்ல. குருக்கள் என் பக்கம் திரும்பினார். நான் வெட்கமில்லாமல் பேரைச் சொன்னேன், அவிட்டம் என்றேன். அர்ச்சனை என் பேரில் நடந்தது. முனிரத்தினம் கை கூப்பியபடி நின்றான். பிறகு தேங்காய் உடைக்கப் போனான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் நான் இடது பக்கம் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சும்மா உட்காரத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு பால் காவடிக் கூட்டம் மேளத்தோடு வந்தது. "சித்தே பின்னாடி எடுங்கோ, காவடி போகட்டும்" என்றார் குருக்கள். நான் இருக்கும்போது மச்சினன் எதற்கு? பட்டனை அழுத்தினேன், கிளம்பியது. பழைய ஜீப்பில் ரிவர்ஸ் என்றால் லிவரை இடது பக்கம் ஒதுக்கி மேலே தள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷம் ஆனாலும் கை மறக்கவில்லை. ஒதுக்கினேன், தள்ளினேன், கிளட்சை விட்டேன்.

புதுப் பெட்டியில் அந்த இடம் முதல் கியர்.

ஜீப் முன்னால் பாய்ந்தது. நாலு எலுமிச்சம்பழமும் சதக் சதக்கென்று நசுங்கின. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது பிரேக்கை மிதித்தேன். நல்லவேளை, காவடிக் கூட்டம் பக்கவாட்டில் இருந்தது. மேளம் நின்றுவிட்டது.

பூ விற்கிற அம்மா ஒருத்தி முதலில் வாயைத் திறந்தாள். "ஆங், பழம் நசுக்கினவருதுதான் வண்டி! முருகா!"

முனிரத்தினம் இரண்டு தேங்காய் மூடியோடு நின்றிருந்தான். அவன் முகத்தை அப்போதுதான் அன்று சரியாகப் பார்த்தேன். மூன்று வருஷம் தறி நிறுத்தின நேரமெல்லாம் அந்த வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தவன். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் கிட்டே வந்து கதவில்லாத அந்தப் பக்கத்தில் கை வைத்தான்.

"சாமியே உங்க பேர்ல முடிச்சிடுச்சு பாவா. எடுத்துக்கினு போங்க. நான் பஸ்ல போய்க்கிறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. பேர் என்னுடையது, அர்ச்சனை என்னுடையது, பழம் நசுக்கினவன் நான், இப்போது அவன் வாயாலேயே சொல்லியும் ஆயிற்று. காலையிலிருந்து நான் ஆசைப்பட்டதெல்லாம் மடியில் வந்து விழுந்துவிட்டது.

"முதல்ல வண்டியைச் சுவத்துலேருந்து எடுங்கோ" என்றார் குருக்கள்.

எடுக்கத்தான் பார்த்தேன். இடது மேல், முன்னால் உறுமியது. இடது கீழ், அதுவும் முன்னால். வலது மேல், வலது கீழ், ஊஹூம். சுவர் இப்போது ஒரு சாண். வியர்த்து ஊற்றியது. காவடிக்காரர்கள் பொறுமையாக வேடிக்கை பார்த்தார்கள். என் பேரில் உள்ள வண்டி, சாமியே எழுதிக் கொடுத்த வண்டி, அதைப் பின்னால் எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

"ரிவர்ஸ் எங்கடா இருக்குது?" என்றேன் கடைசியில்.

"எறங்குங்க பாவா" என்றான்.

இறங்கினேன். அவன் ஏறி, லிவர் கழுத்திலிருந்த ஒரு வளையத்தை இரண்டு விரலால் தூக்கி, எங்கேயோ ஒரு மூலைக்குத் தள்ளினான். வண்டி சொன்ன பேச்சுக் கேட்டுப் பின்னால் வந்தது. அந்த வளையம் அவனே கடைந்து போட்டதாம்.

ஃபாரத்தை எடுத்து பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பானெட் சூடு உள்ளங்கையைச் சுட்டது, பேனா பாதியில் மக்கர் செய்தது. உதறிவிட்டு மறுபடி போட்டேன். புக்கையும் அதன்மேல் வைத்தேன். அவன் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நானே போய் ஒரு ரூபாய்க்கு நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன்.

"பேர், நட்சத்திரம்?"

"முனிரத்தினம். கிருத்திகை நட்சத்திரம்."

பாருங்கள், முருகனுடைய நட்சத்திரத்திலேயே பிறந்திருக்கிறான். அதிலும் கொடுத்துவைத்தவன். பழங்கள் இரண்டாம் தடவை நசுங்கின, இந்த முறை முறையாக.

மதியம் 3.30. சாப்பாடு போட்டு ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான். "அடுத்த தடவை அம்மையார்குப்பம் வரைக்கும் நீங்களே ஓட்டுங்க பாவா. ரிவர்ஸ் காட்டட்டுமா?" என்று வளையத்தைத் தொட்டான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் ரயில் அரக்கோணம் தாண்டுகிற வரைக்கும் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இல்லாத லிவரைப் பிடித்து, இல்லாத வளையத்தைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டில் சந்தனம் பூசிய மொட்டைகள் தூங்கின.

மாலை 6.20. பெரம்பூர். வீட்டு வாசலில் என் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதற்குக் கியரும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. பெடலைத் தொட்டதும் சங்கிலி கிறீச்சிட்டது. எண்ணெய் விட்டு மாசக் கணக்காகிறது. உள்ளே போய் எண்ணெய்க் கேனை எடுத்து வந்து குந்தி உட்கார்ந்தேன். சரோஜா காப்பியோடு வந்து நின்று பார்த்தாள்.

"வயித்தெரிச்சல் தீந்துச்சா?"

"கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன்.

"நான் அதைக் கேக்கலியே" என்றாள்.